சுண்டுவிரல் அளவு

அக்காவின் துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் உள்ளே நுழைந்ததும் முதலில் அண்ணாந்து பார்த்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எல்லோரும் அவளிடம் கூரை வாங்கியவர்கள். ஊருக்கெல்லாம் கூரை விற்றவளின் வீட்டுக் கூரை எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தோன்றுவது இயல்புதானே. என் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, கிளம்பும் நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்.

“தம்பி, தப்பா நினைக்காதீங்க. வீடு முழுக்க இரட்டைத் தகடு. உள் அறையில மட்டும் ஓடு. எங்க வீட்டுக்கு நாங்க ரெண்டு வகை கேட்டப்ப, கலக்கவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னாங்களே உங்க அக்கா?”

ஐந்தாறு பேராவது கேட்டிருப்பார்கள். “அது அம்மாவுக்காக” என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் அப்போது வாய் வரவில்லை. முழுதாகச் சொல்ல வேண்டுமானால் வௌவாலிலிருந்து தொடங்க வேண்டும். நான் செய்த ஒரு காரியத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கூரைப் பொருட்கள் விற்கும் கடையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். பில் எழுதத்தான் சேர்ந்தாள். நாலைந்து வருடத்தில், அவளைக் கேட்காமல் முதலாளி ஒரு தகடுகூட விற்பதில்லை என்று ஆகிவிட்டது. கடையிலும் வெளியிலும் அவளுக்கு ‘விரலக்கா’ என்று பெயர். காரணம் அவளுடைய வலது கைச் சுண்டுவிரல். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே, முகட்டு மூடிக்குக் கீழே என்று எங்கே இடைவெளி தெரிந்தாலும் அந்த விரலை விட்டுப் பார்ப்பாள். நுழைந்தால் வௌவாலும் நுழையும். நுழையாவிட்டால் கையைத் தட்டிக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கிவிடுவாள். தகட்டிலும் சிமென்ட்டிலும் உரசி உரசி அந்த விரல் நுனி மட்டும் காய்த்துப் போயிருந்தது.

வீட்டுக்குள் எலி வருகிறது என்று காகிதத்தில் புழுக்கையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கடைக்கு வருவார்கள். அக்கா அந்தப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவாள். “எலியோடதுன்னா கல்லு மாதிரி இருக்கும். இது பொடியாகுது பாருங்க. நடுவுல பளபளன்னு தெரியுதா? பூச்சி இறக்கை. உங்க வீட்டு விருந்தாளி எலி இல்ல, வௌவால்.” அப்போதுதான் வந்து வைத்த டீயைத் தொடாமலே எழுந்து போனவர்கள் உண்டு. முதலாளி அந்த டீயைத் தானே குடித்துவிடுவார்.

விற்பதற்கு முன் வீட்டைப் பார்த்தாக வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். அதுவும் பொழுது சாயும் நேரத்தில். ஒரு மடக்கு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் வீட்டைப் பார்த்தபடி தெருவில் உட்கார்ந்துவிடுவாள். வீட்டுக்காரர்கள் உள்ளே வந்து உட்காரச் சொன்னால், “உள்ள இருந்து பார்த்தா கூரைதான் தெரியும், வாசல் தெரியாது” என்பாள். வெளிச்சம் மங்கியதும் வௌவால்கள் ஒவ்வொன்றாகச் சொட்டுவதுபோல் வெளியே வந்து விழுந்து பறக்கும். எந்த இடத்திலிருந்து, எத்தனை என்று சிறிய நோட்டில் குறித்துக்கொள்வாள். “நாம தேடவே வேணாம். அதுங்களே காட்டிக் கொடுத்துடும்.”

எந்தக் கூரை போட்டால் வௌவால் வராது என்று கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். “எந்தக் கூரையும் தடுக்காது. கூரை முடியிற இடம்தான் தடுக்கணும்” என்பாள். அலை அலையாக வளைந்த தகட்டைச் சுவர்மேல் வைத்தால் ஒவ்வொரு வளைவுக்குக் கீழேயும் ஒரு வாசல். அந்த வளைவுக்கு ஏற்றபடி வெட்டிய நுரைக்கட்டையைச் செருகாத மேஸ்திரிகளை அவள் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். கடையின் பழைய மேஸ்திரி ஒருவர் இருந்தார், இப்போதும் இருக்கிறார். ஆள் குண்டு, விரல்கள் அதைவிடக் குண்டு.

“என் விரல் நுழையலக்கா. சரியா அடைச்சாச்சு.”

“உங்க விரல் நுழையலன்னா யானை வராதுன்னு அர்த்தம், மேஸ்திரி. எறங்குங்க, நான் பார்க்கிறேன்.”

இப்படிப்பட்டவளின் சொந்த வீட்டில் வௌவால் இருந்தது. ஒன்றிரண்டல்ல, நாற்பதுக்கு மேல். பழைய ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழே பலகைத் தட்டி அடித்திருந்தது. இரண்டுக்கும் நடுவே அவை குடியிருந்தன. “ஊர் வௌவாலையெல்லாம் விரட்டி உன் வீட்டுல கொண்டுபோய் வச்சிருக்கியாம்மா?” என்று முதலாளி கேலி செய்வார். “அதுங்க மேல இருக்கு, நான் கீழ இருக்கேன். இதுவரைக்கும் சண்டை வந்ததில்ல” என்பாள். நான் அத்தான் என்று அழைத்தவர் மூன்றே வருடம் அந்த வீட்டில் இருந்துவிட்டு, வேறு ஊர், வேறு வாழ்க்கை என்று போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் தனியாகத்தான் இருந்தாள். அதைப் பற்றி அவள் பேசியதுமில்லை, நாங்கள் கேட்டதுமில்லை.

ஆனால் உள் அறையை அவள் அம்மாவுக்காக வைத்திருந்தாள். தெருவைப் பார்த்த ஜன்னல். ஜன்னலோரம் கட்டில். படுத்தபடியே கை எட்டும் உயரத்தில் விளக்கு சுவிட்ச். ஏழு வருடமாக அந்த அறை அப்படியே இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை விரிப்பை மாற்றுவாள். அம்மா என்னோடு இருந்தாள். “பேரன் பேத்திய விட்டுட்டு எப்படிடி வர்றது?” என்பாள். எப்போதாவது இரண்டு நாள் போய்த் தங்குவாள். மூன்றாம் நாள் காலையில் பையைக் கட்டிவிடுவாள். “ராத்திரி பூரா தலைக்கு மேல கிச்சு கிச்சுன்னு ஒரே பேச்சு. எனக்கு ஒத்து வராதுடி, இந்த வௌவால் வீடு.” அக்கா சிரித்துக்கொண்டே பஸ் ஏற்றிவிடுவாள். திரும்பி வந்து விரிப்பைத் துவைத்து மறுபடி விரித்து வைப்பாள்.

பிறகு அம்மாவுக்கு நெஞ்சு நோய் வந்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, இனி மாடிப்படி ஏறக் கூடாது என்றார். “எத்தனை நாளைக்கு?” என்றேன். “எத்தனை நாளைக்கும்” என்றார். நான் இருந்தது மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. திரும்பி வந்து எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டு நிற்க, அம்மாவே முடித்துவிட்டாள்.

“நான் பெரியவ வீட்டுக்குப் போறேன்.”

அக்கா அப்போது பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிறைந்து வழிந்து தரையில் ஓடியதை அவள் கவனிக்கவில்லை.

அன்றைக்கே டாக்டரம்மா அவளிடம் வீட்டைப் பற்றி விசாரித்தார். காற்றோட்டம் உண்டா, ஈரம் உண்டா, தூசி உண்டா? அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. வௌவால் இருக்கிறது என்றாள். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார். “அந்த எச்சத்தோட தூசி இவங்க நுரையீரலுக்கு விஷம்மா. அதுங்களை வெளியேத்தி, சுத்தமா கழுவி, அப்புறம் கூட்டிட்டுப் போங்க. பத்து நாள்ல டிஸ்சார்ஜ் பண்ணிடுவேன்.”

எனக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மீன்காரி வீட்டில் மீனுக்கா பஞ்சம்? தகடு தர முதலாளி தயார். போட மேஸ்திரி தயார். அன்று பொழுது சாய நானும் அக்காவும் அவள் வீட்டுக்கு எதிரே உட்கார்ந்தோம். வௌவால்கள் வந்தன. நாற்பத்து மூன்று என்று எழுதினாள். நான் எழுந்தேன்.

“உக்காருடா.”

அரை மணி நேரம் ஆகியிருக்கும். போனவற்றில் சில திரும்பி வந்து உள்ளே நுழைந்தன. சற்று நேரத்தில் மறுபடி வெளியே போயின. பிறகு வேறு சில வந்தன.

“ஏன் திரும்புது?”

“பால் கொடுக்க” என்றாள். “உள்ள குட்டி இருக்கு. இன்னும் பறக்கப் பழகல. இன்னும் அஞ்சு வாரமாவது ஆகும்.”

“அஞ்சு வாரமா? அம்மா பத்து நாள்ல வர்றாங்கக்கா.”

“தெரியும்.”

“இன்னைக்கு வெளிய போன நேரத்துல அடைச்சிருந்தா முடிஞ்சிருக்கும்.”

“தாய் வெளிய நிக்கும், குட்டி உள்ள கிடக்கும். அம்மா தலைக்கு மேலயே ஒண்ணொண்ணா செத்துப் போகும். நாத்தமும் புழுவும் அந்த அறைக்குள்ளதான் இறங்கும். ஒரு வீட்டுல அப்படி ஆகிப் பார்த்திருக்கேன்.” நோட்டை மூடினாள். “அது நாத்தத்தோட போற விஷயமும் இல்லடா.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “உனக்கு அம்மா பெரிசா, வௌவால் பெரிசா?”

அக்கா ஸ்டூலை மடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் வேறு ஏற்பாடும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் அலுவலகத்துக்கு அருகிலேயே, நாங்கள் எல்லோருமாகக் குடிபோகிற மாதிரி, கீழ்த்தள வீடு ஒன்று காலியாக இருந்தது. அம்மா அங்கே வந்துவிட்டால் மறுபடி அங்கிருந்து கிளம்ப மாட்டாள். அக்காவின் உள் அறை கடைசிவரை விரிப்போடு மட்டும் கிடக்கும். இது அவளுக்கும் தெரியும். ஏழு வருடம் காத்திருந்தவள், கைக்கு எட்டியதை ஐந்து வார வௌவால் குட்டிக்காக விடப் பார்க்கிறாளே என்று எனக்கு ஆற்றாமை. அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் அதைச் செய்தேன்.

நாலாம் நாள் ஒரு வீட்டைப் பார்க்க அக்கா பக்கத்து ஊருக்குப் போயிருந்தாள். மேஸ்திரியைப் போனில் கூப்பிட்டேன்.

“அக்கா சொன்னாங்களா தம்பி?”

“சொன்னாங்க.”

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் நா கூசவில்லை.

மேஸ்திரி மத்தியானமே வந்துவிட்டார். முகட்டோரம், சுவரோரம், ஜன்னலுக்கு மேலே இருந்த விரிசல் என்று எல்லாவற்றையும் கம்பிவலையும் சிமென்ட்டும் வைத்து அடைத்தார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து ஒவ்வொரு இடமாகக் குத்திப் பார்த்தார். நான் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. ஒரே ஒரு வழியை மட்டும் விட்டுவைத்தோம். பொழுது சாய்ந்ததும் வௌவால்கள் அந்த வழியாகப் போயின. எண்ணினேன். நாற்பத்து மூன்று வந்ததும் கையை ஆட்டினேன். மேஸ்திரி அதையும் அடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அக்கா வந்ததும் காட்டலாம் என்று தெருவிலேயே உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் அவை திரும்பின.

முதலில் ஒன்று வந்து, வழக்கமான இடத்தில் மோதி விழுந்து, எழும்பிப் பறந்தது. பிறகு இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. ஈரச் சிமென்ட்டின்மேல் நகம் கீறும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. அதைவிட மெல்லியதாக, உள்ளிருந்து இன்னொரு சத்தம். ஊசியால் காதைத் தொடுவதுபோல் இருந்தது. அம்மா சொன்ன கிச்சு கிச்சு அல்ல அது. நான் எழுந்து நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன்.

அக்கா தெருமுனையில் திரும்பும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. வேகமாக வந்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஏணி எங்கடா?”

கையில் திருப்புளியோடு ஏறினாள். காயாத சிமென்ட்டைக் குத்திக் குத்திப் பெயர்த்தாள். கம்பிவலையைக் கையாலேயே பிடித்து இழுத்தாள். தலையைச் சுற்றி அவ்வளவு வௌவால் பறந்தும் ஒன்றுகூட அவள்மேல் படவில்லை. வழி திறந்ததும் அவள் இறங்கவில்லை. உடம்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏணிமேலேயே நின்றாள். அவள் காதோரமாகவே ஒவ்வொன்றாக உள்ளே போயின. சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு இறங்கினாள். உள்ளங்கையில் வலை கிழித்து ரத்தம் வந்திருந்தது.

“டீ குடிச்சியா?” என்று கேட்டாள்.

அதைத் தவிர அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. மறுநாள் மேஸ்திரி பதறிப் போய்க் கடைக்கு வந்தபோது நான் பின்னால் தகடு அடுக்கியிருந்த இடத்தில் நின்றிருந்தேன். “நீங்க சொன்னதா தம்பி சொன்னாரேக்கா?” என்று அவர் கேட்டார். “ஆமா மேஸ்திரி, நான்தான் சொன்னேன். அப்புறம் மனசு மாறிட்டேன்” என்றாள். பொய் சொல்ல வராதவள்.

கீழ்த்தள வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறேன் என்றேன். “ஒரு நாள் பொறு” என்றாள்.

கடைக்குப் பின்னால் ஒரு நீளமான அறை உண்டு. மாதிரி அறை என்று பெயர். ரயில் பெட்டி மாதிரி இருக்கும். அதன் கூரையில் ஐந்து பங்கு. ஒரு பங்கு ஓடு, அடுத்தது சிமென்ட் ஷீட், அடுத்தது வெறும் தகடு, அடுத்தது ஓடு மாதிரி மடித்த தகடு, கடைசியில் நடுவே நுரை வைத்த இரட்டைத் தகடு. வாங்க வருகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் கீழே நின்று பார்த்துக்கொள்ளலாம். அக்காவின் யோசனைதான் அது. விளிம்பிலும் இணைப்பிலும் ஈகூட நுழையாதபடி அவளே நின்று அடைக்க வைத்தது. பக்கத்திலேயே குளியலறை. மாடிப்படி கிடையாது.

“கடைக்குள்ள நோயாளியாம்மா? வர்றவங்க என்ன நினைப்பாங்க?” என்றார் முதலாளி.

“பெத்த தாயைப் படுக்க வைக்கிற அளவுக்கு நம்பிக்கையான கூரைன்னு நினைப்பாங்க.”

அவர் மூக்கைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிறகு கட்டிலைத் தள்ள அவரே வந்து ஒரு பக்கம் பிடித்தார்.

அம்மா மாதிரி அறைக்கு வந்தாள். பக்கத்தில் பாய் விரித்து அக்காவும் அங்கேயே படுத்தாள். ஏழு வாரம் இருவரும் அந்தக் கடைக்குள்தான் குடித்தனம் நடத்தினார்கள். முதலில் கட்டிலை இரட்டைத் தகட்டின் கீழே போட்டார்கள். அதுதான் குளுமை. இரண்டாம் நாள் நல்ல மழை. நான் குடையை உதறிக்கொண்டு உள்ளே போனேன்.

“ஏன்டா நனைஞ்சிருக்க?”

“வெளிய கொட்டுதும்மா.”

“மழையா?” அம்மா அண்ணாந்து பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்து, “என்னடி கூரை இது? மழை பெய்யிறதையே மறைக்குது” என்றாள்.

கட்டிலை நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினார்கள். அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. நாலைந்து நாளுக்கு ஒருமுறை கட்டில் அடுத்த பங்குக்குப் போகும். முதலாளி ஒரு பக்கம், மேஸ்திரி ஒரு பக்கம் பிடிப்பார்கள். நாள் முழுக்க மல்லாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கடையின் வரலாற்றிலேயே அம்மா ஒருத்திதான். எந்தத் தகடு எத்தனை மணிக்குச் சூடேறும், எது ராத்திரி குளிர்ந்து டப் டப் என்று நெட்டி முறிக்கும், எதில் காக்கை நடந்தால் திருடன் நடப்பதுபோல் கேட்கும் எல்லாம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. வாங்க வருகிறவர்கள் முதலில் கட்டிலைப் பார்த்துத் திடுக்கிடுவார்கள். பிறகு அதன் பக்கத்திலேயே நின்றுவிடுவார்கள்.

“பாட்டி, இந்த வெறும் தகடு எப்படி?”

“மழை வந்தா படபடன்னு அடிக்கும். பக்கத்துல இருக்கிறவ பேசுறது காதுல விழாது. வீட்டுல மாமியாரும் மருமகளும் ஒண்ணா இருக்கீங்களா?”

“ஆமா.”

“அப்ப வாங்குங்க. நிம்மதியா இருக்கலாம்.”

“அம்மாவுக்குச் சம்பளம் போடணும் போலிருக்கே” என்று முதலாளி என்னிடம் சொன்னார். அம்மா எங்கள் வீட்டில் இருந்த ஏழு வருடத்தில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நான் அலுவலகம் விட்டு வரும்போது, அக்கா கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்து அன்றைக்கு யார் வந்தார்கள், அம்மா என்ன சொன்னாள் என்று சொல்வாள். அம்மா நடுநடுவே திருத்துவாள். இருவரும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஐந்தாம் வாரம் அக்கா கேட்டாள். “சொல்லும்மா. வீட்டுக்கு எது போடட்டும்?”

அம்மா அவசரப்படவில்லை. “தகட்டுல மழை விழுந்தா திட்டுற மாதிரி இருக்கு. உன் இரட்டைத் தகட்டுல முணுமுணுக்கக்கூட இல்ல. ஓட்டுலதான்டி பேசுற மாதிரி இருக்கு.”

“ஓட்டுலதான் இடைவெளி அதிகம்மா. உன் நெஞ்சுக்கு இரட்டைத் தகடுதான் நல்லது.”

“வீடு பூரா அதையே போடு. நான் படுக்கிற இடத்துக்கு மட்டும் ஓடு போடு. படுத்தே கிடக்கிறவளுக்கு வெளிய நடக்கிறதை மழைதான் வந்து சொல்லணும். அதையும் அடைச்சுடாத.”

அக்கா அண்ணாந்து பார்த்தாள். ஓடும் தகடும் சேருகிற இடம் அவளுக்குப் பரம எதிரி. வெயிலில் தகடு நீளும், ஓடு நீளாது. ஒவ்வொரு கோடை முடிவிலும் அந்த இணைப்பு ஒரு மயிரிழை விட்டுக்கொடுக்கும். “வருஷா வருஷம் ஏணி ஏறிப் பார்க்க ஆள் இருந்தா போடுங்க. இல்லன்னா வேணாம்” என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

“அக்கா, கலக்கக் கூடாதுன்னு நீங்களே சொல்லுவீங்களே” என்றார் மேஸ்திரி.

“அது விக்கிறப்ப சொன்னது, மேஸ்திரி. ஏறிப் பார்க்க இங்க ஆள் இருக்கு.”

குட்டிகள் பறக்கத் தொடங்கியிருந்தன. எண்ணிக்கை அறுபதைத் தாண்டிவிட்டது. எல்லா வழியையும் அடைத்து, கடைசி வழியின்மேல் மெல்லிய வலையைச் சட்டைக்கை மாதிரித் தொங்கவிட்டாள். உள்ளிருந்து வருவது அதற்குள் சறுக்கி வெளியே போய்விடும். வெளியிலிருந்து வருவதற்கு வாய் அகப்படாது. பின்சுவரில் உயரத்தில், தட்டையான மரப்பெட்டி ஒன்றையும் மாட்டி வைத்தாள். நாலு நாள் நானும் அவளோடு உட்கார்ந்து எண்ணினேன். ஐந்தாம் நாள் எதுவும் வெளியே வரவில்லை. உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதற்குப் பிறகுதான் பலகைத் தட்டியைப் பிரித்தார்கள். மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, தூசி கிளம்பாதபடி தண்ணீர் தெளித்துத் தெளித்து எச்சத்தை வாரினார்கள். ஒரு குட்டிகூடச் செத்துக் கிடக்கவில்லை. அதை அக்கா என்னிடம் சொல்லவில்லை. மேஸ்திரி சொன்னார்.

அம்மா வீட்டுக்கு வந்த அன்று உள் அறையில் படுத்துக்கொண்டு, கை எட்டுகிறதா என்று சுவிட்சைப் போட்டும் அணைத்தும் பார்த்தாள். “எப்ப வச்சது இது?” என்றாள். “இப்பத்தாம்மா” என்றாள் அக்கா. அது அவள் சொல்லி நான் கேட்ட இரண்டாவது பொய்.

அம்மா அந்த ஓட்டின் கீழே மூன்று வருடமும் சில மாதங்களும் இருந்தாள். ஒருமுறைகூடப் பையைக் கட்டவில்லை. போனபோது அக்கா பக்கத்தில் இருந்தாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு கோடை முடிவிலும் அக்கா ஏணி ஏறினாள். அறை மறுபடி காலியாகிவிட்டதே, முழுக்கத் தகடாக மாற்றிவிடலாமே என்று கேட்டேன். “மழைச் சத்தம் எனக்கும் பழகிடுச்சுடா” என்றாள்.

போன மாதம், கடையில், ஒரு வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

எல்லோரும் வந்து போன பிறகு, சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்து, டம்ளரைக் கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

“வெயில் காலம் முடிஞ்சுடுச்சு தம்பி. இந்நேரம் அக்கா ஏறியிருப்பாங்க.”

ஏணியை எடுத்து வந்தேன். நானே ஏறுகிறேன் என்றதும் அவர் அடியில் பிடித்துக்கொண்டார். இணைப்பு நெடுக என் சுண்டுவிரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

“நுழையல மேஸ்திரி. எல்லாம் சரியா இருக்கு.”

“உங்க விரலும் தடிமன் தம்பி. அது செல்லாது.” அவர் சட்டைப் பையில் கையை விட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். விரல் நீளத்தில் ஒரு மரக்குச்சி. கை பட்டுப் பட்டுக் கறுத்து வழவழப்பாகியிருந்தது. நுனியை உருட்டிச் செதுக்கியிருந்தார். “எல்லா இடத்துக்கும் அக்காவால வர முடியாதில்ல? ஒரு நாள் விரலை நீட்டச் சொல்லி அளவெடுத்துச் செஞ்சேன். இருபது வருஷம் ஆச்சு. எத்தனை வீடு பார்த்தது தெரியுமா இது!”

வாங்கிக்கொண்டேன். அவளுடைய விரல் இவ்வளவு மெல்லியதா என்று இருந்தது. காய்ப்பை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். முதல் ஓட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன். ஜன்னலுக்கு நேர் மேலே, அம்மாவின் தலைமாட்டுக்குப் பக்கத்தில், குச்சி ஒரு கணு அளவு உள்ளே போயிற்று. உடனே எடுக்க மனம் வரவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

“நுழையுதா தம்பி?”

“நுழையுது.”

“சிமென்ட் கலக்கட்டுமா? பத்து நிமிஷ வேலை.”

வெயில் இன்னும் சுவரின் பாதியில் இருந்தது. இறங்கி வந்தேன்.

“இப்ப வேணாம் மேஸ்திரி. உள்ள யாராவது இருக்காங்களான்னு முதல்ல பார்த்துடுவோம்.”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஏணியைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். கதவுக்குப் பின்னால் அக்காவின் மடக்கு ஸ்டூல் இருந்தது. அதை அவருக்குப் போட்டுவிட்டு, நான் பக்கத்தில் ஒரு கல்லில், வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.